மூன்று வேட்டும் நூற்று முப்பத்தேழு குஞ்சும்

வலங்கைமானுக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் உள்ள ஒரத்தங்குடியில் பஞ்சநதம் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். லஸ்கர் வீடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். 1963 முதல் 1999 வரை முப்பத்தாறு ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் லஸ்கர், அதாவது வாய்க்கால் தலைப்பு மதகுக்குக் காவல். காலை ஆறுக்கு ஒரு முறை, மாலை ஆறுக்கு ஒரு முறை அளவுகோலைப் பார்த்துத் தண்ணீர் எத்தனை அடி என்று பதிவேட்டில் எழுத வேண்டும். சொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையிலும் நேரில் போய்ப் பார்த்து ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ஒரு வேளை பார்க்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். மறுநாள் உத்தேசமாக நிரப்பக் கூடாது. அவர் வெறுமையாக விட்டவை மொத்தம் நான்கு கட்டங்கள். மூன்று, டைபாய்டு கண்டபோது. ஒன்று, மகன் ராம்கி பிறந்த அன்று மாலை.

மதகுக்குப் போகிற வழி பெரியகுளத்தின் கரை. இருபத்திரண்டு ஏக்கர் குளம். உள்ளே அரசாங்கம் 1974இல் நட்ட கருவேல மரங்கள். 1981 ஐப்பசியில் முதன்முதலாக நத்தைகுத்தி நாரைகள் அந்த மரங்களில் வந்து கூடு வைத்தன. பஞ்சநதம் அன்றே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, கூடு, குஞ்சு, காரணம் என்று நான்கு கட்டம் பிரித்தார். அந்த ஆண்டு முப்பத்தொரு கூடு.

நத்தைகுத்திக்கு நத்தையும் நண்டும்தான் சாப்பாடு. வயல் வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரைக் கசியவிடுகிற நண்டை அது அலகால் கிளறி எடுத்துக் குஞ்சுக்குக் கொண்டுபோகும். இதையும் பஞ்சநதம் சும்மா சொல்லவில்லை. தன் மூன்று மா நிலத்தின் வரப்பில் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தேதி நண்டு வளைகளை எண்ணி எழுதி வைத்தார். கூடு கூடக் கூட வளை குறைந்தது.

1990 தை 12, வியாழக்கிழமை. ஒரு கல்யாண ஊர்வலம் குளத்தங்கரை வழியாக வந்தது. இரும்புக் குழாயில் கரிமருந்தைக் கெட்டித்து மண்ணில் நட்டு வைக்கிற அதிர்வேட்டு, வரிசையாகப் பதினொன்று. முதல் வேட்டிலேயே குளத்தின் பறவை மொத்தமும் எழும்பிவிட்டது. நத்தைகுத்தியின் கூடு சுள்ளிகளைத் தட்டுப்போல் அடுக்கி வைத்ததுதான், விளிம்பு கிடையாது. பறக்கத் தெரியாத குஞ்சுகள் சத்தத்துக்குப் பின்வாங்கிப் பின்வாங்கி ஓரத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்தன. விழாதவற்றின் மேல் காக்கையும் பருந்தும் இறங்கின. தாய்ப் பறவைகள் தலைக்கு மேலே வட்டமடித்தனவே தவிர இறங்கவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார் பஞ்சநதம். முதல் பறவை திரும்பி உட்கார ஐம்பத்திரண்டு நிமிடம்.

மறுநாள் காலை அறுபத்துமூன்று குஞ்சுகளைக் காய்கறிக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் ஊர்ச் சாவடியில் கவிழ்த்தார். கூடவே நண்டு வளைக் கணக்கையும் படித்தார். பஸ்ஸின் ஹாரன் பழகிப்போன பறவைக்கு வேட்டு மட்டும் ஏன் பழகாது என்று யாரோ கேட்டதற்கு, “பஸ் தினம் ஏழு மணிக்கு வருது. வேட்டு எப்ப வரும்னு அதுக்கு யாரு சொல்றது?” என்றார். அன்று ஊர் ஒரு கட்டுப்பாடு போட்டது. ஐப்பசி முதல் தேதியிலிருந்து மாசி கடைசி வரை குளத்தைச் சுற்றி வேட்டு இல்லை, பட்டாசு இல்லை, குழாய் ஒலிபெருக்கி இல்லை. தீபாவளிக்கு மத்தாப்பு மட்டும். மாதா கோயில் தெருக்காரர்களும் கிறிஸ்துமஸுக்கு அப்படியே என்று ஒப்புக்கொண்டார்கள்.

எழுத்தில் எதுவும் இல்லை. அபராதம் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு இருந்த ஒரே பலம், பஞ்சநதம் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை என்பதுதான்.

அதன் பாரம் வீட்டில்தான் விழுந்தது. ராம்கிக்கு அப்போது வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘நத்தைகுத்தி’ என்று பெயர். தீபாவளியன்று பக்கத்து ஊர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குள் படுத்திருப்பான். மனைவி பூவம்மாள் மட்டும் வாய் விடுவாள்.

“ஏங்க, நான் இந்த அஞ்சு மாசத்துல செத்துட்டா என்ன பண்ணுவீங்க? எனக்கும் மத்தாப்புதானா?”

“பங்குனியில போ. நான் பாத்துக்கறேன்.”

“எமன்கிட்ட உங்க நோட்டைக் காட்டி வாய்தா வாங்கணும்போல.”

பறவைகள் பெருகின. ஊரில் ஆண்பிள்ளைகள் குறைந்தார்கள். 1992க்குப் பிறகு வருடம் நாலு பேர், ஐந்து பேர் என்று சவூதி, குவைத், மலேசியா, சிங்கப்பூர் போனார்கள். ராம்கி 1997இல் சிங்கப்பூர் போனான். பஞ்சநதத்தின் வயலுக்கு அடுத்த வயல்காரர் பெரியநாயகசாமி; இரண்டு நிலத்துக்கும் ஒரே வரப்பு. அவருடைய ஒரே மகன் ஆல்பின் சவூதியில் தம்மாமுக்குப் போனான்.

1998 நவம்பர் 24, செவ்வாய். ஆல்பின் பெட்டியில் வந்தான். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பெற்றவர்கள் பார்க்கவில்லை. அந்த ஊரில் கல்லறையும் சுடுகாடும் குளத்தின் தென்கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்து ஊர் வாணக்காரர் துரைக்கண்ணு இருபத்தொரு குழாயோடு தென்கரையில் வந்து இறங்கிவிட்டார்.

பஞ்சநதம் சைக்கிளை நிறுத்திவிட்டுத் துக்க வீட்டுக்குள் போனார். பெரியநாயகசாமி பெட்டியின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“சாமி.”

“சொல்லுங்க லஸ்கரே.”

“துரைக்கண்ணு வந்திருக்காரு.”

“நான்தான் வரச்சொன்னேன்.”

“இருநூத்தித் தொண்ணூத்தாறு கூடு இருக்கு, சாமி. இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு.”

பெரியநாயகசாமியின் மனைவி சவரியம்மாள் தலையை நிமிர்த்தினாள். “முகத்தத்தான் பாக்க விடல. ஊருக்குத் தெரியுற மாதிரி வழியனுப்பக்கூட விதியில்லையா அண்ணே? ஊமைச் சாவா என் புள்ளைக்கு?”

பஞ்சநதம் போகவில்லை. அப்படியே நின்றார். கடைசியில் பெரியநாயகசாமி, “துரைக்கண்ணுவைத் திருப்பி அனுப்பிடுங்க. கூலியக் குடுத்தனுப்புங்க” என்றார். பேண்டு வாத்தியத்தையும் கரைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். குழிக்குள் பெட்டி இறங்கியதும் மண் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஆல்பினின் பெட்டி பலகையால் ஆனது. உள்ளே தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தின் சத்தமும் கேட்டது. குளத்தில் ஒரு பறவைகூட எழும்பவில்லை என்று அன்று மாலை பஞ்சநதம் நோட்டில் எழுதினார். அதைப் பெருமையாகத்தான் எழுதினார்.

அதன் பிறகு எட்டு ஆண்டுகள் ஒரத்தங்குடியில் அந்த ஐந்து மாதங்களுக்குள் செத்தவர்கள் இருபத்தேழு பேர். ஒருவருக்கும் வேட்டு கிடையாது. யாராவது முணுமுணுத்தால், “பெரியநாயகசாமியே அடங்கிப்போனாரு, உனக்கென்ன?” என்று ஊரே வாயை அடைத்தது. பஞ்சநதம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2006 மார்கழியில் கூடுகள் நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த மார்கழி 5, புதன்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்த பூவம்மாள் அப்படியே சாய்ந்தாள். வலங்கைமான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ராம்கி மறுநாள் காலை திருச்சியில் இறங்கி வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரூட்டி வைத்திருந்த தாயை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே வந்து செல்போனில் பேசத் தொடங்கினான். பத்து மணிக்குத் தாரை தப்பட்டை வந்தது. பதினோரு மணிக்கு ஒரு வேனில் பட்டாசுப் பெட்டிகளோடு அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள். பின்னாலேயே சைக்கிளில் குழாய்களைக் கட்டிக்கொண்டு துரைக்கண்ணு.

துரைக்கண்ணு பந்தலுக்குள் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சநதத்தைக் கூப்பிட்டார்.

“அய்யா, தம்பி வரச்சொன்னாரு. உங்களைக் கேக்காம நட மாட்டேன்னுட்டேன்.”

“எத்தனை?”

“ஐம்பத்தொண்ணு சொல்றாரு.”

ராம்கி அருகில் வந்தான். “அப்பா, எட்டு தீபாவளி இந்த வீட்டுல நான் வெடி வச்சதில்ல. கேட்டேனா? அங்க போயி ஒம்பது வருஷம் ஆச்சு. அம்மாவை ஒரு தடவை அழைச்சுக்கிட்டுப் போயிக் காட்டல. இதுகூடச் செய்யலைன்னா நான் என்னத்துக்குப்பா வந்தேன்?”

“குஞ்சு இருக்குடா.”

“உள்ள அம்மா இருக்காங்கப்பா.”

பூவம்மாளின் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலி இருந்தும் உட்காராமல், பெரியநாயகசாமி நின்றுகொண்டிருந்தார். பஞ்சநதம் அவரைப் பார்த்தார். பெரியநாயகசாமி தரையைப் பார்த்தார். அவர் மட்டும் அப்போது நிமிர்ந்து ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று பஞ்சநதம் பின்னால் பல நாள் நினைத்ததுண்டு. அதைச் சொல்ல வேண்டியது தன் வாய்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

“மூணு மட்டும்” என்றார்.

மூன்று என்பது கணக்காகத் தெரிந்தது. பறவையையும் பார்த்தாயிற்று, பூவம்மாளையும் பார்த்தாயிற்று. ஆற்றில் அதிகத் தண்ணீர் வந்தால் மதகில் மூன்று பலகையை மட்டும் எடுப்பதில்லையா? ஆனால் மதகுக்குப் பலகையைத் திரும்பப் போட வழி இருந்தது.

துரைக்கண்ணு சொன்ன சொல் மாறாமல் மூன்றே குழாயை நட்டார். பிற்பகல் இரண்டு இருபதுக்கு முதல் வேட்டு. நானூற்றுப் பன்னிரண்டு கூட்டின் பறவைகளும் ஒன்றாக எழும்பியபோது ஊர்வலத்தின் மேல் நிழல் விழுந்தது. மூன்றாவது முடிந்ததும் ராம்கியின் கூட்டாளிகள் ஆயிரம் வாலாச் சரங்களைக் கரை நெடுக விரித்தார்கள்.

“மூணு வச்சாச்சு, இனி முப்பது வச்சா என்ன மாமா, பறந்தது பறந்ததுதானே?” என்று ஒருவன் பஞ்சநதத்திடமே சிரிப்பில்லாமல் கேட்டான். அவர் கையில் கடிகாரம் இருந்தது, பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது, முதல் பறவை இறங்கும்போது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் குஞ்சுகள் வெயிலிலும் காக்கைக்கு நடுவிலும் கிடந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை, டிசம்பர் 22, பால் தெளிப்பு. பொழுது விடிந்தும் விடியாததுமாகப் பஞ்சநதம் யாரையும் எழுப்பாமல் உரச் சாக்கு இரண்டை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். 1990இல் கூடையில் அள்ளியவற்றை ஊர்ச் சாவடிக்குக் கொண்டுபோனவர், இப்போது சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டித் தன் வயலுக்குக் கொண்டுபோனார். வாழைக்குப் பின்னால் குழி வெட்டி ஒவ்வொன்றாகப் போட்டார். எண்ணாமல் போட முயன்றார். முப்பத்தாறு வருஷம் எண்ணிய மனுஷனால் அது முடியாது.

நிமிர்ந்தபோது வரப்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு பெரியநாயகசாமி நின்றுகொண்டிருந்தார். வெகு நேரமாக நின்றிருப்பார் போலிருந்தது. மடையை அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள், பஞ்சநதம் குஞ்சிதபாதத்தின் டீக்கடைக்குப் போனார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெரியநாயகசாமியும் இருந்தார்.

“லஸ்கரே, எத்தனை விழுந்துச்சாம்?” என்று குஞ்சிதபாதம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“கணக்கு எடுக்கல.”

“நீங்களா? வீட்டுக்கு வர்ற பல்லியைக்கூட எண்ணுவீங்களே!”

சிரித்தார்கள். பெரியநாயகசாமி சிரிக்கவில்லை. “லஸ்கர் எண்ணலைன்னா என்ன? நான் எண்ணினேன். நூத்தி முப்பத்தேழு” என்றார்.

பெரியநாயகசாமி பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு என் வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு எண்ணிக்கை சொன்னீங்க லஸ்கரே. இருநூத்தித் தொண்ணூத்தாறு. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உங்க வீட்டுக்கு நானூத்திப் பன்னெண்டு. என் புள்ளைக்கு ஆகாத சத்தம், உங்க சம்சாரத்துக்கு மட்டும் எப்படி ஆச்சு?”

“மூணுதான் சொன்னேன், சாமி.”

“எனக்கு மூணு உண்டுன்னு சொல்லியிருந்தா, மூணோட நிறுத்தியிருப்பேனே” என்று சொல்லிவிட்டு அவர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அந்த மாதமே பொங்கலுக்கு ஊரில் வெடிச் சத்தம் கேட்டது. வைத்தவர்களைப் பஞ்சநதம் கேட்கவில்லை. கேட்பார் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். மிஞ்சிய கூடுகளில் ஒலிபெருக்கி பாடும் நேரத்தில் தாய்ப் பறவை இரை கொண்டுவருவது மணிக்கு மூன்று தடவையிலிருந்து ஒன்றாகக் குறைந்ததை அவர் எழுதி வைத்தார். அந்த நோட்டைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

2007 ஐப்பசியில் வந்து கூடு வைத்தவை நூற்று எழுபத்தொன்று. அக்டோபர் 30ஆம் தேதி பெரியநாயகசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஞ்சநதத்தின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“வெள்ளிக்கிழமை ரெண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். ஆல்பினுக்குப் பூசை வச்சிருக்கேன். வாங்க. துரைக்கண்ணுகிட்டச் சொல்லிட்டேன். இருபத்தொண்ணு.”

“இப்பத்தான் முட்டை வைக்குது, சாமி. குஞ்சு இருந்தாலாவது தாய் திரும்பி வரும். முட்டையில விரட்டினா இடத்தையே விட்டுரும்.”

“தெரியும். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“அடுத்த பங்குனியில வைக்கலாமே.”

“என் புள்ளை பங்குனியில சாகலையே லஸ்கரே.”

பஞ்சநதம் போனார். சவரியம்மாள் கல்லறையின் மேல் செவ்வந்தி பரப்பி மெழுகுவத்தி ஏற்றினாள். பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்ததும் துரைக்கண்ணு திரியைப் பற்றவைத்தார். ஒவ்வொரு வேட்டுக்கும் சவரியம்மாளின் தோள் குலுங்கியது. இருபத்தொன்றும் முடிந்தபோது அவள் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். பஞ்சநதம் அதையும் கேட்டார். தலைக்கு மேலே பறவைகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே போவதையும் பார்த்தார். முத்துப்பேட்டைப் பக்கம் போயிருக்கலாம். உறுதியாகத் தெரியாததால் அதை அவர் எழுதவில்லை. ஒரு வாரத்தில் எஞ்சியவை பதினான்கு கூடு. அதிலும் குஞ்சு பொரிக்கவில்லை.

2008 ஐப்பசியில் ஒன்றும் வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. இரண்டு நிலத்துக்கும் பொதுவான வரப்பு இரண்டு இடத்தில் உட்கார்ந்து, பெரியநாயகசாமியின் சம்பாப் பயிர் மேல் தண்ணீர் ஏறியது. மழை விட்ட அன்று இரண்டு கிழவர்களும் இரண்டு பக்கத்திலும் குனிந்து களிமண்ணை உருட்டி நண்டு வளைகளை அடைத்தார்கள். பத்து மணிக்குத்தான் நிமிர்ந்தார்கள்.

“எத்தனை வளை?” என்று பெரியநாயகசாமி கேட்டார்.

“இந்தப் பக்கம் இருநூத்திப் பத்து. போன வருஷம் எழுபது. ரெண்டாயிரத்தாறுல ஒம்பது.”

பெரியநாயகசாமி கையைக் கழுவிக்கொண்டு, “உங்க நோட்டைப் பாக்கணும்” என்றார்.

வீட்டுக்கு வந்தார்கள். பூவம்மாளின் படத்துக்குக் கீழே அலமாரியில் நோட்டுகள் இருபத்தேழு இருந்தன. பெரியநாயகசாமி ஈர வேட்டியோடு நின்றபடியே 2006ஆம் வருஷத்து நோட்டைப் புரட்டினார். டிசம்பர் 22க்கு நேரே எதுவும் இல்லை.

“காலியா இருக்கு?”

“அன்னைக்கு எழுதல.”

“இப்ப எழுதுங்க.”

“விட்ட நாளை அப்புறம் நிரப்பக் கூடாது, சாமி. முறையில்ல.”

“நான் நிரப்பலையா? ஒம்பது வருஷம் கழிச்சு?”

பஞ்சநதம் பேனாவைத் தொடவில்லை. பெரியநாயகசாமி தானே எடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேனாவை அரிவாள்போல் பிடித்துக் குஞ்சு என்ற கட்டத்தில் 137 என்று எழுதினார். ஏழு, கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நீட்டினார்.

“இது எனக்கு எழுத வராது.”

பஞ்சநதம் வாங்கி, ‘மூன்று வேட்டு. சொன்னது நான்’ என்று எழுதினார். பெரியநாயகசாமி அடுத்த நோட்டை எடுத்து 2007 நவம்பர் 2ஐத் தேடினார். அங்கே கூட்டின் கணக்கு இருந்தது. காரணம் காலியாக இருந்தது.

“இதுல ஏன் என் பேரைப் போடல?”

“போட மனசு வரல.”

“அன்னைக்கு மட்டும் எப்படி மனசு வந்துச்சு, பொட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவன்கிட்ட வந்து கூட்டுக் கணக்கைச் சொல்ல?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “போடுங்க. முழுப் பேரும் போடுங்க” என்றார்.

பஞ்சநதம் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் இறங்கிப்போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பஞ்சநதம் குளத்தங்கரைக்குப் போனார். நான்கு மூலையிலும் நின்று மரங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஏழு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நோட்டை முழங்காலில் வைத்துத் தேதி போட்டு, ‘இல்லை’ என்று எழுதினார்.